பத்து நிமிஷ ஐஸ்

‘ரொம்ப ஈஸி, பத்தே நிமிஷம்’ என்று தொடங்கும் எந்தச் சமையல் குறிப்பையும் நான் நம்புவதில்லை. அது யாருடைய பத்து நிமிஷம் என்று குறிப்பில் எழுதியிருக்காது.

ஏப்ரல் கடைசியில் பள்ளிக்கூடம் மூடினால் போதும், பெண்கள் பத்திரிகைகளில் கோடைச் சிறப்பிதழ் வந்துவிடும். மாம்பழக் குச்சி ஐஸ், தர்பூசணிக் குச்சி ஐஸ், நன்னாரிக் குச்சி ஐஸ். மூன்றே பொருட்கள், அடுப்பே வேண்டாம், குழந்தைகள் குஷியாவார்கள். இப்போது அதே குறிப்புகள் ஒரு நிமிட வீடியோவாகவும் வருகின்றன. நெயில் பாலிஷ் போட்ட இரண்டு கைகள் மட்டும் தெரியும். ஊற்றும், மூடும், அடுத்த நொடி ஐஸ் வெளியே வந்துவிடும்.

நான் இருப்பது வேலூரில். கத்திரி வெயில் நாட்களில் மதியம் இரண்டு மணிக்கு எங்கள் தெருவில் நாய்கூட நடக்காது. நான் பள்ளி ஆசிரியை. மே மாதம் எனக்கு விடுமுறை என்று என் வீட்டில் எல்லோரும் உறுதியாக நம்புகிறார்கள். நாத்தனார் பிள்ளைகள் இரண்டு பேர், அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேர், என் மகன், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று கோடையில் என் கூடத்தில் குறைந்தது ஏழு பேர் இருப்பார்கள். “லீவுதானே, பசங்களுக்கு ஐஸ் செஞ்சு குடு, பத்து நிமிஷ வேலை” என்றார் என் கணவர். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். நம் வேலைகளில் பாதி யாருடைய நல்லெண்ணத்திலாவது நம் தலையில் வந்து விழுந்தவைதான்.

போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாம்பழ ஐஸ் செய்தேன். அன்றைக்கு ஒரு பழைய டைரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வேலைக்கும் ஆன நேரத்தைக் குறித்தேன். பங்கனப்பள்ளி நான்கைக் கழுவி, தோல் சீவி, சதையை வழித்து எடுக்க இருபது நிமிடம். பாலைச் சுண்டக் காய்ச்ச இருபத்தைந்து. குறிப்பில் ‘அடுப்பு வேண்டாம்’ என்று இருந்தது. ஆனால் பச்சைப் பாலைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியுமா? மிக்சியில் அடிக்கவும் ஜாரைக் கழுவவும் பன்னிரண்டு. ஃப்ரீசரில் இடம் பண்ண பதினைந்து. அங்கே துருவிய தேங்காய், இஞ்சி பூண்டு விழுது, மாமியாரின் முட்டி வலிக்கு ஒத்தடம் கொடுக்கும் ஐஸ் பை எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வேறு இடம் பார்க்க வேண்டும், எங்கே வைத்தோம் என்பதை ஞாபகத்திலும் வைத்துக்கொள்ள வேண்டும். டம்ளர்களில் ஊற்றி மூட பத்து. வழிந்ததைத் துடைக்க ஐந்து. ஒன்றரை மணி நேரம் கழித்து, பாதி உறைந்த பதத்தில் குச்சி சொருக ஐந்து. சாயங்காலம் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்து, “அவளுக்கு மட்டும் பெருசு” பஞ்சாயத்தைத் தீர்த்து வைக்க பதினைந்து. எறும்பு வருவதற்குள் பிசுபிசுத்த தரையைத் துடைக்கப் பதினைந்து. பாத்திரம் கழுவப் பதினைந்து.

மொத்தம் 2 மணி 17 நிமிடம். காலையில் உழவர் சந்தைக்குப் போய் வந்ததை இதில் சேர்க்கவில்லை. அவர்கள் சொன்ன பத்து நிமிஷம் இதில் எது என்று தேடிப் பார்த்தேன். டம்ளரில் ஊற்றி மூடியதுதான். வீடியோவில் வருவதும் அது மட்டும்தான்.

இந்தியாவில் 2019இல் நாடு தழுவிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடந்தது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம், அதே வேலையில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம். ஈடுபடுகிறவர்கள் எத்தனை பேர் என்பதையும் அது சொன்னது. பெண்களில் 81.2 சதவீதம், ஆண்களில் 26.1 சதவீதம். மாணவிகளுக்கு இந்த எண்களைச் சொல்லும்போது, “மிஸ், இப்போ மிஷின் எல்லாம் வந்துடுச்சே?” என்று ஒருத்தியாவது கேட்பாள். ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1983இல் ‘மோர் வொர்க் ஃபார் மதர்’ என்றே ஒரு புத்தகம் எழுதினார். வீட்டுக்குள் இயந்திரங்கள் வந்தபோது ஆண்களும் பிள்ளைகளும் வேலைக்காரர்களும் செய்துவந்த வேலைகள் குறைந்தன, தாயின் வேலை குறையவில்லை என்பதுதான் அவர் காட்டியது. துணி வெளுக்க மிஷின் வந்ததும், அடிக்கடி துவைப்பது வழக்கமாகிவிட்டது.

ஃபிரிட்ஜும் அப்படித்தான். அது வருவதற்கு முன்னால் குச்சி ஐஸ் அம்மாவின் வேலையாக இருந்ததில்லை. சைக்கிளின் பின்னால் மரப்பெட்டி கட்டிக்கொண்டு ஐஸ்காரர் வருவார். பால் ஐஸ், சேமியா ஐஸ், கிரேப் ஐஸ். காசு இருந்தால் வாங்குவோம், இல்லாவிட்டால் பழைய இரும்பைப் போட்டு வாங்குவோம். ஃபிரிட்ஜ் வந்தபின் ஐஸ்காரரின் வேலை அம்மாவின் கைக்கு வந்துசேர்ந்தது. ஐஸ்காரரிடம் காசு கொடுத்தோம். அம்மாவிடம் ‘கைமணம்’ என்றோம்.

இன்னொன்றும் உண்டு. ஃபிரிட்ஜ் உள்ளே இருக்கும் சூட்டை உறிஞ்சிப் பின்பக்கமாக வெளியே தள்ளுகிறது. என் வீட்டில் அது நிற்பது சமையலறையில். கூடத்தில் பிள்ளைகள் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து ஐஸ் சாப்பிடும்போது, அந்த ஐஸிலிருந்து வெளியேறிய சூட்டில் நின்று நான் டம்ளர் கழுவிக்கொண்டிருக்கிறேன்.

குச்சி ஐஸைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டால் ஒரு பையனின் கதையைச் சொல்வார்கள். 1905இல் கலிஃபோர்னியாவில் ஃபிராங்க் எப்பர்சன் என்ற பதினொரு வயதுப் பையன், சோடாப் பொடி கலந்த தண்ணீரைக் கலக்கிய குச்சியோடு வாசலில் மறந்து வைத்துவிட்டானாம். ராத்திரிக் குளிரில் அது உறைந்துவிட்டதாம். பெரியவனான பிறகு 1924இல் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அவருடைய பிள்ளைகள் அப்பாவைக் கூப்பிடும் ‘பாப்’ என்ற சொல்லிலிருந்து ‘பாப்சிகிள்’ என்ற பெயர் வந்தது என்கிறார்கள். ஆக, உலகமெங்கும் அம்மாக்கள் செய்யும் பண்டத்துக்கு அப்பாவின் பெயர். ஒரு பாத்திரத்தை வாசலில் போட்டுவிட்டுத் தூங்கப் போன பையன் கண்டுபிடிப்பாளன் ஆனான். நான் அப்படிப் போட்டுவிட்டுத் தூங்கியிருந்தால் எனக்கு என்ன பெயர் கிடைத்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே, 1843இல், நான்சி ஜான்சன் என்ற அமெரிக்கப் பெண் கையால் சுற்றும் ஐஸ்கிரீம் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றிருக்கிறார். இங்கிலாந்தில் ஆக்னஸ் மார்ஷல் 1885இல் ஐஸ் வகைகளுக்கென்றே ஒரு புத்தகம் போட்டார். ஐஸ் உறையவைக்கும் இயந்திரத்துக்கும் காப்புரிமை வாங்கினார். இவர்களைப் பற்றி யாரும் குழந்தைகளுக்குக் கதை சொல்வதில்லை. வேலை செய்து கண்டுபிடித்தால் அதில் கதைக்குச் சுவாரசியம் இல்லை போலும்.

சரி, ஏன் வீட்டிலேயே செய்ய வேண்டும்? “வெளியில விக்கிறது எந்தத் தண்ணியோ?” இந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். உறைய வைத்தால் கிருமி சாகாது. டைபாய்டும் மஞ்சள் காமாலையும் கெட்ட தண்ணீரில் செய்த ஐஸ் வழியாகவும் வரும். எங்கள் தெருவில் மஞ்சள் காமாலை வந்து பரீட்சையை விட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பயத்துக்கு என்ன பதில் கொடுக்கப்பட்டது என்று பாருங்கள். சுத்தமான தண்ணீரை எல்லோருக்கும் கொடுப்பது நகராட்சியின் வேலை. தெருவில் விற்கும் ஐஸைச் சோதிப்பது உணவுப் பாதுகாப்புத் துறையின் வேலை. 2006ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. இந்த இரண்டு வேலையையும் அவர்கள் ஒழுங்காகச் செய்தால், பிள்ளைகள் பத்து ரூபாய் கொடுத்து நிம்மதியாக வெளியே வாங்கிச் சாப்பிடுவார்கள். ஐஸ்காரருக்கும் பிழைப்பு. அதற்குப் பதிலாக, ‘அக்கறையுள்ள அம்மா வீட்டிலேயே செய்வாள்’ என்று ஆக்கிவிட்டார்கள். நகராட்சியும் அரசுத் துறையும் செய்யத் தவறியது, ஒரு பெண்ணின் அக்கறை சம்பந்தப்பட்ட விஷயமாக மாறிவிட்டது. பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால், “நீ ஏன் வெளியில வாங்கிக் குடுத்த?” என்றுதான் முதலில் கேட்பார்கள். குடிநீர்க் குழாயும் சாக்கடையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுவதைப் பற்றி அப்புறம்தான் பேச்சு வரும். வந்தால்.

அந்தப் பேச்சில் இன்னொரு வாக்கியமும் வரும். “யார் கை பட்டதோ?” இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். யார் கை பட்டதோ என்பது எப்போதும் கிருமியைப் பற்றிய கேள்வி மட்டும் அல்ல. அதை நான் என் அம்மாவின் வாசலிலேயே பார்த்திருக்கிறேன்.

என் அம்மா ஐஸ் விற்றவள்.

நாங்கள் அப்போது குடியாத்தத்தில் இருந்தோம். அப்பா ஒரு தோல் தொழிற்சாலையில் கணக்கு எழுதினார். 1994இல் தவணையில் ஒரு ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் வாங்கினார். விலை 8,400 ரூபாய். தெருவில் அது இரண்டாவது ஃபிரிட்ஜ். குங்குமம் வைத்து, சூடம் காட்டி உள்ளே கொண்டுவந்தோம். அடுத்த கோடையிலேயே அம்மா அதில் கவர் ஐஸ் போட ஆரம்பித்தாள்.

அவளுக்கு ஏற்கெனவே பீடி சுற்றும் வேலை இருந்தது. நாளுக்கு எண்ணூறு சுற்றுவாள். விடியற்காலையில் எழுந்து, முந்தின ராத்திரி காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் சர்க்கரையையும் ரஸ்னாவையும் கரைப்பாள். விரல் அகலப் பாலித்தீன் கவர்களில் புனல் வைத்து ஊற்றுவாள். கவரின் வாயை மடித்து, ஆக்சா பிளேடின் ஓரத்தில் பிடித்து, மெழுகுவர்த்தித் தீயில் ஒரு இழுப்பு. ஒட்டிக்கொள்ளும். அந்த இழுப்பு ஒரு நொடி தவறினால் கவர் ஓட்டையாகும், இல்லாவிட்டால் விரல் சுடும். அவளுடைய வலது கட்டைவிரல் நுனியில் அந்தக் கோடைகளின் தழும்பு இன்னும் இருக்கிறது. அதே விரலால்தான் பகல் முழுவதும் பீடி இலையை மடித்தாள்.

ஒரு கவர் ஐம்பது காசு. நாளைக்கு அறுபது விற்கும். சர்க்கரை, கவர், மெழுகுவர்த்தி எல்லாம் போக பதினைந்து ரூபாய் நிற்கும். என் எட்டாம் வகுப்பு நோட்டு புத்தகங்கள், அண்ணனின் பாலிடெக்னிக் பீஸில் ஒரு பகுதி, அத்தை மகள் கல்யாணத்துக்கு வைத்த மொய், எல்லாம் அந்தப் பதினைந்து ரூபாய்களிலிருந்து வந்தவை. அவள் ஒரு நாற்பது பக்க நோட்டில் தினமும் எழுதி வைத்தாள். தேதி, எத்தனை ஐஸ், எவ்வளவு கடன், யார் கடன்.

மதியம் காலனிப் பிள்ளைகளும் வருவார்கள். “அந்தப் பசங்க தொட்டுக் குடுக்குற காச வாங்கிட்டு அதே கையால எங்க பிள்ளைங்களுக்கும் குடுக்குறியா?” என்று எதிர்வீட்டு அம்மா ஒரு நாள் கேட்டாள். அம்மா பதில் சொல்லவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து அந்தப் பிள்ளைகளைக் காசைத் திண்ணையில் வைக்கச் சொன்னாள். ஐஸைக் கைக்கு மேலிருந்து போட்டாள். வியாபாரம் போய்விடும் என்று பயந்தாள் என்று நான் பல வருஷம் அவளுக்காக வாதாடியிருக்கிறேன். இருக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி என் வகுப்பில் எனக்கு அடுத்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கீழே விழுந்த ஐஸை மண்ணைத் தட்டிவிட்டு அவள் சாப்பிட்டதை நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். ‘வீட்டில் செய்தது சுத்தமானது’ என்று யாராவது சொன்னால் எனக்கு அவள் ஞாபகம்தான் வருகிறது. பெண்ணின் உழைப்பைப் பற்றிப் பேசும் நாம், அந்தப் பெண் தன்னைவிடக் கீழே வைக்கப்பட்டவர்களிடம் எப்படி நடந்துகொண்டாள் என்பதை மறைத்துவிட்டுப் பேச முடியாது.

இவ்வளவு வேலை பார்த்தவளிடம் யாராவது, “இன்னா பண்றம்மா?” என்று கேட்டால், “நா இன்னா பண்றேன், சும்மாதான் வூட்ல இருக்கேன்” என்பாள். சில நேரம் “பீடி சுத்துறேன்” என்பாள். ஐஸ் விற்கிறேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அப்பா அதை, “ஏதோ டைம்பாஸுக்குப் பண்றா” என்று சொல்லுவார். கரண்ட் பில் வந்தால் மட்டும், “உன் ஐஸ் வியாபாரத்தால எவ்ளோ ஏறிடுச்சு பாரு” என்பார். செலவு என்று வரும்போது அது வியாபாரம். வரவு என்று வரும்போது டைம்பாஸ்.

வீட்டுக்குள் செய்வதைக் கணக்கெடுக்க முடியாது என்று சொல்கிறவர்களுக்கு என்னிடம் ஒரு பதில் உண்டு. அதுவும் அம்மாவின் மடியிலிருந்து எடுத்த பதில்தான். 1966ஆம் ஆண்டின் பீடித் தொழிலாளர் சட்டம், முதலாளியோ ஒப்பந்ததாரரோ கொடுக்கும் மூலப்பொருளை வாங்கி வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறவரையும் தொழிலாளி என்று ஏற்றுக்கொண்டது. அதே திண்ணை, அதே பெண், அதே கை. மடியில் முறம் இருந்தால் தொழிலாளி, முறத்தை இறக்கி வைத்துவிட்டு ஐஸ் கவரை எடுத்தால் சும்மா இருப்பவள். சட்டத்துக்குக் கண் தெரியும், அது எதைப் பார்க்க வேண்டும் என்று யாரோ முடிவு செய்கிறார்கள். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டு வேலை செய்யும் பெண்களைப் பிச்சைக்காரர்களோடும் பாலியல் தொழிலாளர்களோடும் கைதிகளோடும் சேர்த்து, பொருளாதாரத்துக்குப் பயன்படும் வேலை செய்யாதவர்கள் என்று வகைப்படுத்தியதை 2010இல் உச்ச நீதிமன்றமே கண்டித்தது. (அந்தப் பட்டியலில் நம்மோடு வைக்கப்பட்ட மற்றவர்களும் வேலை செய்கிறவர்கள்தான். அவர்களோடு சேர்த்ததே அவமானம் என்று கோபப்படுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.)

தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை வந்தது. மாதம் 1000 ரூபாய். அதற்கு ‘உதவி’ என்று பெயர் வைக்காமல் ‘உரிமை’ என்று வைத்ததை நான் மதிக்கிறேன். பெண்களின் கூலியில்லாத உழைப்பு என்ற பேச்சு அரசின் வாயிலிருந்து வந்ததே பெரிய விஷயம். ஆனால் திட்டம் தொடங்கியபோது வைத்த தகுதிகளைப் பாருங்கள். குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், வீட்டின் மின்சாரச் செலவு ஆண்டுக்கு 3600 யூனிட்டைத் தாண்டக் கூடாது. உழைத்தது அவள், அளந்தது குடும்பத்தை. ஃப்ரீசர் பெட்டி வைத்து ஐஸ் விற்கிற பெண்ணின் யூனிட்டும் அந்த மீட்டரில்தான் ஓடுகிறது. மீட்டர் யார் பெயரில் இருக்கிறது என்று உங்கள் வீட்டு அட்டையை எடுத்துப் பாருங்கள்.

இப்போது ஒரு செய்முறை. பெண்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். புத்தகத்தை வீட்டில் இருக்கும் ஆணிடம் கொடுங்கள்.

தம்பி, இரண்டு பங்கனப்பள்ளியின் சதை, ஒரு டம்ளர் பாலை அரை டம்ளராகச் சுண்டவிட்டு நன்றாக ஆறவைத்தது, நான்கு மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. எல்லாவற்றையும் மிக்சியில் அடி. அடித்த கையோடு ஜாரைக் கழுவு, ‘அப்புறம்’ என்று ஒரு நேரம் கிடையாது. சில்லென்று இருக்கும்போது நாக்குக்கு இனிப்பு குறைவாகத் தெரியும், அதனால் இப்போது குடித்துப் பார்த்தால் கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும். அதற்காக அள்ளிக் கொட்டாதே, சர்க்கரை அதிகமானால் உறையாது. தண்ணீர் உறைந்தால் உப்பும், எனவே எவர்சில்வர் டம்ளரில் விரலளவு இடம் விட்டு ஊற்று. மேலே மூடு. ஒன்றரை மணி நேரம் கழித்துக் குச்சியைச் சொருகு. அந்த ஒன்றரை மணி நேரத்தை ஞாபகம் வைத்துக்கொள்வதும் உன் வேலை. “ஞாபகப்படுத்தக் கூடாதா?” என்று யாரையும் கேட்காதே. ஏழெட்டு மணி நேரம் ஃப்ரீசர் கதவைத் திறக்காதே. எடுக்கும்போது டம்ளரைத் தண்ணீரில் அரை நிமிடம் வை. நம் ஊரில் மே மாதம் மாடித் தொட்டித் தண்ணீரே வெந்நீர்தான், அது போதும். பிறகு தரையைத் துடை, டம்ளர்களைக் கழுவு, ஃப்ரீசரிலிருந்து வெளியே எடுத்ததையெல்லாம் திரும்ப உள்ளே வை. இதையெல்லாம் செய்து முடித்தால்தான் ஐஸ் செய்ததாகச் சொல்லலாம்.

என் கணவர் செய்தார். டைரியைக் காட்டிய அடுத்த ஞாயிறு, என்னிடம் வீம்புக்காகவே செய்தார். சர்க்கரையை அள்ளிக் கொட்டினார், உறையாமல் கூழாக நின்றது. பிள்ளைகள் அதை ஸ்பூனால் அள்ளிச் சாப்பிட்டார்கள். என் மாமியார் ஊரெல்லாம் போன் பண்ணி, “என் புள்ள பசங்களுக்கு ஐஸ் செஞ்சான்” என்று சொன்னார். பத்து வருஷமாக நான் செய்ததைப் பற்றி அவர் ஒருவருக்கும் போன் பண்ணியதாக நினைவில்லை. ஆனாலும் அன்றைக்கு அவர் பாத்திரத்தையும் கழுவினார். மூன்றாவது வாரம் என் மகன் எடுத்துக்கொண்டான். பதின்மூன்று வயது. இப்போது அவன் செய்வது என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. அதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, நான் கைமணத்துக்குப் போட்டி போடவில்லை.

செய்யாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. வெயிலில் விளையாடிவிட்டு வரும் பிள்ளைக்குக் குளுமையாக ஒன்று கொடுப்பதில் சந்தோஷம் இருக்கிறது. ஆனால் சந்தோஷம் இருப்பதாலேயே அது வேலை இல்லை என்று ஆகிவிடாது. கோயில் சிற்பிக்கும்கூடச் சந்தோஷம் இருந்திருக்கும், கூலி வாங்கிக்கொண்டுதான் செதுக்கினார்.

அப்பா இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அம்மாவுக்கு இப்போது 67, அண்ணன் வீட்டில் இருக்கிறாள். நான்கு வருஷங்களுக்கு முன் அண்ணன் அந்தப் பழைய ஃபிரிட்ஜை எக்ஸ்சேஞ்சில் போட்டுப் புதிது வாங்கினார். பழையதற்கு 1,500 ரூபாய் கழித்தார்கள். ஆட்கள் அதைத் தூக்கிக்கொண்டு போகும்போது அம்மா, “அந்தக் காசு யாருக்கு?” என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். “அப்பா வாங்கினதும்மா, அது வீட்டுக்குத்தான்” என்றார் அண்ணன். அவள் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. கணவர் வெளிநாட்டில் சம்பாதித்த பணத்தில் வாங்கிய சொத்தில், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சம பங்கு உண்டு, அவளுடைய வீட்டு உழைப்பு இல்லாமல் அவரால் அதைச் சம்பாதித்திருக்க முடியாது என்றது. செய்தித்தாளைக் கையில் எடுத்துக்கொண்டு குடியாத்தத்துக்குப் போய் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, “அந்தப் பொம்பள ரொம்ப வருஷம் கோர்ட்டுக்கு அலைஞ்சிருப்பா, இல்ல?” என்றாள். பிறகு உள்ளே போய் ட்ரங்குப் பெட்டியிலிருந்து அந்த நோட்டுகளை எடுத்து வந்தாள். எட்டு நோட்டு. 1995 முதல் 2002 வரை, ஒவ்வொரு கோடைக்கும் ஒன்று. ஒரு நோட்டின் அட்டையில் ரஸ்னாக் கறை இன்னும் ஆரஞ்சு நிறமாகவே இருந்தது.

இரண்டு ராத்திரி உட்கார்ந்து கூட்டினேன். வராத கடன்களைக் கழித்துவிட்டு, சர்க்கரைச் செலவையும் கழித்துவிட்டு, 9,215 ரூபாய். ஃபிரிட்ஜின் விலையைவிட 815 ரூபாய் அதிகம். அவள் தண்ணீர் காய்ச்சிய நேரத்துக்கும் விரல் சுட்டதற்கும் இதில் ஒரு பைசாவும் போடவில்லை. கணக்கைப் படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். சிரிக்கும் பொம்மை ஒன்றைப் பதிலுக்கு அனுப்பினார். அடுத்த மாதம் அம்மாவின் கையில் 1,500 ரூபாயைக் கொடுத்திருக்கிறார். என்னிடம் அதைப் பற்றி அவர் பேசவில்லை, அம்மாதான் சொன்னாள்.

படம் அனுப்பிய மறுநாள் காலையில் அண்ணி போன் செய்தார். பிள்ளைகளைப் பற்றி, வெயிலைப் பற்றிக் கொஞ்சம் பேசினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “ஏம்மா, நான் கல்யாணமாகி வந்ததுலேருந்து ஜாக்கெட் தச்சுக் குடுக்குறேன் இல்ல, அதெல்லாம் எங்கயும் எழுதி வைக்கல. இப்போ உக்காந்து கணக்குப் போட முடியுமா?” என்று கேட்டார்.

எந்த வருஷத்திலிருந்து, மாதத்துக்கு எத்தனை ஜாக்கெட் என்று கேட்டேன். பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு வருகிறேன், போனை வைக்காதே என்றார்.